எதிர்ப்பக்கத்து ஆறு

பதினோரு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தேன்.
அறுவடை மாதத்தில் அந்தலாஹாவிலிருந்து லாரி வரும்.
முதலாளி பெட்சாரா மாமரக் கிளையில்
தராசைத் தொங்கவிடுவார்.
நான் பேரேட்டைத் திறப்பேன்.

வனிலாப் பூ ஒரு காலைப்பொழுதுதான் விரியும்.
மடகாஸ்கர் மண்ணில் அதற்கென்று பிறந்த வண்டு கிடையாது.
எலுமிச்சை முள்ளால் உள்மடலைக் கீறி
மகரந்தத்தைப் பெண்கள்தான் ஒட்டவைக்க வேண்டும்.
விடிந்ததிலிருந்து உச்சிவரை ஆயிரம் பூ.
ஒன்பது மாதம் காய் முற்றும்.
பத்தாவது மாதம்
என் பேனா.

தராசு முள் பத்தொன்பதில் நிற்கும்,
பேனா முள் பதினாறில் நிற்கும்.
அவ்வளவுதான் தொழில்.
பேரேட்டை நான் மறைத்ததே இல்லை.
படிக்கத் தெரியாதவர் முன்னால்
பூட்டு எதற்கு?

அன்றைக்குக் கூடையோடு சுவாசாரா நின்றாள்.
கூடையிறக்கி, பணம் எண்ணி, போக வேண்டியவள்
போகவில்லை.
"ஆறு போட்டிருக்கிறீர்கள்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
"நன்றாகப் பார். ஒன்பதுதானே தெரிகிறது?"

"தெரிகிறது.
என் பக்கம் ஒன்பது தெரிந்தால்
உங்கள் பக்கம் ஆறு."

வரிசை அமைதியானது.
பெட்சாரா இருமினார்.
கோழி ஒன்று மேசைக்கடியில் புகுந்து
என் காலைக் கொத்தியது, அதற்கும் தெரிந்ததுபோல.

பிறகுதான் கேள்விப்பட்டேன்.
அவள் வீட்டில் ஒரே விளக்கு.
விளக்குக்கு இந்தப் பக்கம்
மகள் வுலதியானா, மூன்றாம் வகுப்பு நோட்டு.
அந்தப் பக்கம் அம்மா, மரவள்ளிக் கிழங்கும் கத்தியும்.
நகர்ந்து உட்கார் என்று சொல்ல மனம் வராமல்
இரண்டு மழைக்காலம் எதிரே இருந்தே கற்றிருக்கிறாள்
எல்லா எழுத்தையும்,
எல்லா எண்ணையும்,
தலைகீழாக.
நேராக நீட்டினால்தான் கொஞ்சம் தடுமாறுவாளாம்.

மூன்று கிலோ.
மூன்று கிலோவில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா?
நானும் அப்படித்தான் கேட்டேன்.
அக்கரைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு
வுலதியானா படகேறினாள்.
அடுத்த வருடம் மேசைமுன் நான்கு பெண்கள்
தாளைப் பார்த்தபடி நின்றார்கள், பேசாமல்.
அதற்கடுத்த வருடம்
சொந்தத் தராசில் நிறுத்துவிட்டு வந்தார்கள்.
களவுக்குப் பயந்து காயில் குண்டூசியால் குத்தும் அடையாளம்
அதுவரை புருஷன்மார் பெயரின் முதலெழுத்து.
சுவாசாராவின் காய்களில் அவள் எழுத்து வந்தது.
ஏழெட்டுப் புள்ளி,
கொஞ்சம் கோணல்.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று சொல்ல மாட்டேன்.
ஒருத்தியின் நோட்டைப் புருஷன் அடுப்பில் போட்டான்.
ஒரு வருடம் புயல், மறு வருடம்
விலை பாதிக்கும் கீழே விழுந்தது.
ஆனால் விலை விழுந்தால் முதலில் பள்ளியை விட்டு
நிற்பது பெண்பிள்ளை என்பது
மலையில் எழுதாத சட்டம்.
அந்த வருடம் யாரும் நிற்கவில்லை.
சங்கப் பெட்டியில் கொஞ்சம் சேர்ந்திருந்தது.
பெட்டியின் கணக்கு
எனக்குத் தெரியாது. என்னிடம் காட்டுவதில்லை.

மருந்துச் சீட்டு, மகன் கடிதம், நிலவரி ஓலை,
எதுவானாலும் முன்பு என்னிடம் வருவார்கள்.
படித்துச் சொன்னால் ஒரு முட்டை கூலி.
முட்டை வந்து வெகுநாளாகிறது.
அதில் எனக்கு வருத்தம் உண்டு,
மறைப்பானேன்.

எனக்கும் ஒரு மகள். ஹந்தாசுவா.
"கணக்கெழுத நான் இருக்கிறேன், உனக்கெதற்கு?"
என்று நான்காம் வகுப்பில் நிறுத்தினேன்.
நேற்றிரவு பழைய பேரேட்டை எடுத்து
மேசையில் தலைகீழாக வைத்தேன்.
என் கையெழுத்து அந்தப் பக்கமிருந்து
எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க.
பதினோரு வருடம் எழுதிய எனக்கு
ஒரு பக்கம் முடிக்கவே வியர்த்தது.

எதிரே அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
பேரேட்டை அவள் பக்கம் தள்ளி
விளக்கையும் நகர்த்தி வைத்தேன்.

கத்தி நின்றது.
அவள் இன்னும் நிமிரவில்லை.